மணல் பை முடிசூட்டிய மன்னன்

உடைந்த பழம்பொருட்களை ஒட்டிச் சேர்க்கிறவர்களுக்குப் பொறுமை அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். இருக்கிற பொறுமை முழுவதையும் பொருட்களே தின்று தீர்த்துவிடும். மனிதர்களுக்கென்று ஒரு பருக்கைகூட மிஞ்சாது. அருங்காட்சியகத்தின் பழுதுபார்ப்புக் கூடத்தில் இருபத்தாறு வருடங்களாக உட்கார்ந்திருந்த அந்த அம்மாளைத் தெரிந்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். முகத்துக்கு நேரே அவளை எல்லோரும் ‘மேடம்’ என்பார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனதும் ‘ஊசி’ என்பார்கள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, பழைய வெண்கலத்தின் மேல் படிந்த களிம்பை ஊசிமுனையால் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ப்பதுதான் அவள் வேலை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவள் வாய்.

இந்த வேலைக்கு அவளை எந்த இலட்சியமும் அழைத்து வரவில்லை. வேதியியல் படித்துவிட்டு ஒரு பெயிண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்துக்கு மனுப் போட்டாள், கிடைக்கவில்லை. அருங்காட்சியகத்துக்கு மனுப் போட்டாள். அங்கே மனுப் போட்டதே அவள் ஒருத்திதான். தேர்வுக்குழு ஆழ்ந்து ஆலோசித்து அவளுக்கே முதலிடம் கொடுத்தது. வந்த புதிதில் வேலை பிடிக்கவில்லை. பிறகு மனிதர்களையும் பிடிக்காமல் போனதால், ஒப்பிட்டுப் பார்த்ததில் வேலை தேவலை என்று தோன்றிவிட்டது. அவளுடைய பக்தி இப்படித்தான் தொடங்கியது. பலருடைய பக்தியும் இப்படித்தான் தொடங்குகிறது. அவர்கள் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் கணவர். அவருக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. கணவரின் அக்காவும் அவர்களோடுதான் இருந்தாள். வீட்டுக்குள் கைப்பிடி போன கோப்பைகள் ஏழு, மூக்கு உடைந்த ஜாடி ஒன்று, காலாட்டும் மேசை ஒன்று. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்கிற கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். நாத்தனார் விருந்தாளிகளிடம் சொல்லுவாள்:

“என் தம்பி பொண்டாட்டி ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி உடைஞ்சதுன்னா ஒட்டுவா. போன வாரம் உடைஞ்சதெல்லாம் அவ கௌரவத்துக்குக் கொறைச்சல்.”

“நீங்க உடைக்கிற வேகத்துக்கு நான் ஒட்டணும்னா வேலையை ராஜினாமா பண்ணணும் அண்ணி.”

“பண்ணேன். யாரு கேட்டா?”

இருவருக்கும் ஒருவரையொருவர் ரொம்பப் பிடிக்கும். மூன்றாம் மனிதருக்கு இது தெரிய நியாயமில்லை.

இந்தக் கதைக்குரிய வெண்கலச் சிலை கிடைத்த விதமும் கௌரவமானதல்ல. அடுக்குமாடிக் கார் நிறுத்தம் ஒன்றுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். மண்ணள்ளும் இயந்திரத்தின் பல்லில் ஒரு பாதம் மாட்டிக்கொண்டு மேலே வந்தது. பழைய குழாய் என்று நினைத்து ஓட்டுநர் இன்னும் நாலு தடவை அள்ளிப் பார்த்தார். எல்லாம் முடிந்தபோது நாற்பத்தொரு துண்டுகள் இருந்தன. அவற்றில் பதினான்கின் விளிம்பு பளபளவென்று புதிதாக இருந்தது. அவை அன்றைக்கு மதியம் உடைந்தவை. ஆயிரத்து எண்ணூறு வருடமாக மண்ணும் தண்ணீரும் செய்யத் துணியாததை, ஓர் இயந்திரம் சாப்பாட்டு இடைவேளைக்குள் செய்து முடித்தது.

அள்ளி வந்த துண்டுகளைச் சேர்க்க அவளுக்கு மூன்று வருடம் ஆனது. முதல் வருடம் முழுக்கக் குளியல். மண்ணிலிருந்து வந்த உப்பு வெண்கலத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, காற்றில் ஈரம் பட்டதும் வெளிறிய பச்சைப் பொடியாகப் பொங்கும். விட்டுவிட்டால் சிலை இருந்த இடத்தில் மாவுதான் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு துண்டையும் சோடாக் கரைசலில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, மறுபடி ஊறவைத்து, உப்பு ஒழிகிறதா என்று சோதித்துக்கொண்டே இருந்தாள். இரண்டாம் வருடம் ஊசி. ஒரு நாள் வேலைக்கு ஒரு கட்டைவிரல் நகத்தளவு இடம் சுத்தமாகும். மூன்றாம் வருடம் துண்டுகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன: மார்பு ஆறு துண்டு, முதுகு ஐந்து, முழங்கையில் மடங்கி முன்னால் நீளும் வலது கை, மணிக்கட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை. இரண்டு பாதங்கள். ஆடையின் மடிப்புகள். பன்னிரண்டாம் எண் துண்டுதான் தலை. ஒன்பது கிலோ. ஆள் அளவுத் தலை, இளைஞன், ஒரு கண்ணில் வெள்ளைக் கல் பதித்தது அப்படியே இருந்தது.

கழுத்து கிடைக்கவில்லை. தலைக்கும் மார்புக்கும் நடுவே நாலு விரற்கடை அகலத்துக்கு வெறும் காற்று. இந்தக் கதை முழுக்க அந்த நாலு விரற்கடைக்குள்தான் நடக்கிறது.

தலையின் கீழ் விளிம்பில் முன்பக்கம் ஒரு விரிசல் ஓடியது. அதன் மேல் பாரம் விழக்கூடாது என்பதற்காக, மேசையில் வைக்கும்போதெல்லாம் அவள் தலையைப் பின்னால் சாய்த்து, மோவாய்க்குக் கீழே ஒரு சின்ன மணல் பையைக் கொடுத்து வைப்பாள். எங்கேயும் இப்படித்தான் வைப்பார்கள். பிள்ளைக்குத் தலையணை கொடுப்பதைப் போல ஒரு ஏற்பாடு. அதற்கு மேல் அதில் ஒரு தத்துவமும் கிடையாது. அந்த நேரம் பார்த்து விளம்பரப் பிரிவிலிருந்து புகைப்படக்காரர் வந்தார். சுவரோரம் நின்று நாலு படம் எடுத்தார். பையை மறைத்து, பின்னணியைக் கறுப்பாக்கி, ஒரு படத்தை இயக்குநருக்கு அனுப்பினார்.

இயக்குநருக்கு அலுவலகத்தில் ‘கம்பீரம்’ என்று பெயர். போக்குவரத்துத் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவர் வாயில் புகழ்ச்சிக்கு இருந்தது அந்த ஒரே சொல். புதிய வாசற்கதவு கம்பீரம். ஆண்டறிக்கையின் அட்டை கம்பீரம். கழிப்பறைக்குப் புதிதாகப் போட்ட ஓடுகள்கூட ஒரு நாள் கம்பீரமாக இருந்தன. படத்தில் அந்த இளைஞன் மோவாயைத் தூக்கி, தொலைதூர வானத்தை அளந்துகொண்டிருந்தான். இயக்குநர் இருக்கையிலிருந்து எழுந்தே விட்டார்.

“மன்னன்யா இவன்!” என்றார்.

அன்றோடு அவன் மன்னன் ஆனான். முடிசூட்டு விழாவுக்கு மணல் பை மட்டும்தான் வந்திருந்தது.

மன்னன் என்று ஆனபிறகு அதற்கு ஆராய்ச்சி வேண்டுமே. அழைக்கப்பட்ட பேராசிரியர் பழுதுபார்ப்புக் கூடத்துக்குள் காலடி வைத்ததில்லை. ரசாயன வாடை ஒத்துக்கொள்ளாது என்பார். பொருளை நேரில் பார்த்தால் நடுநிலைமை கெட்டுவிடும் என்றும் அவர் பயந்திருக்கலாம். புகைப்படத்தைப் பார்த்தே நாற்பது பக்கக் கட்டுரை எழுதினார்: ‘வானோக்கிய வேந்தன்’. அந்தப் பார்வையில் அதிகாரமும் ஆன்மிகமும் சந்திக்கும் புள்ளியை அவர் இருபத்திரண்டு அடிக்குறிப்புகளோடு கண்டுபிடித்திருந்தார். தற்செயலாக, மணல் பை தலையைத் தூக்கி வைத்திருந்த கோணமும் இருபத்திரண்டு பாகைதான்.

ஊசி அந்தக் கட்டுரையை நின்றுகொண்டே படித்து முடித்தாள். பிறகு நுண்ணோக்கியடியில் மார்பின் மேல் துண்டை எடுத்து வைத்தாள். அவளுக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. காறையெலும்புகள் சேரும் இடத்தில், கையளவு பரப்பில், உளி வேலை சரியாக இல்லை. வார்த்தெடுத்தபோது வந்த சொரசொரப்பு அப்படியே இருந்தது. மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி தேய்த்த சிற்பி, நடு நெஞ்சில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், ஏன் கை கழுவிவிட்டுப் போனான்?

அவனுக்கு அது எல்லோர் கண்ணிலும் படுகிற இடம் அல்ல, அதுதான் காரணம். மேலே ஏதோ மறைத்தது. மறைக்கக்கூடியது மோவாய் ஒன்றுதான்.

தலையையும் மார்பையும் ஸ்கேன் எடுத்து, தெர்மாக்கோலில் நகல் வெட்டி வாங்கினாள். பள்ளிக்கூடத்துப் பாகைமானி ஒன்றை வைத்துக்கொண்டு நகல் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குனியவைத்தாள். இருபது பாகையில் சொரசொரப்பு முழுக்கத் தெரிந்தது. இருபத்தெட்டில் ஓரம் தெரிந்தது. முப்பத்தொன்றில், நேரே நின்று பார்த்தால், துளிகூடத் தெரியவில்லை. முப்பத்தைந்தில் மோவாய் நெஞ்சில் இடித்தது. தலையோடு ஒட்டி மிஞ்சியிருந்த பிடரியில் இழுபட்டு நிற்கும் நரம்புகளும் மோவாய்க்குக் கீழே விழுந்திருந்த இரண்டு சதைமடிப்புகளும் முப்பத்தொன்றுக்குத்தான் கைதூக்கின. அந்த ஆள் தலை நிமிரவே இல்லை. தன் கையில் இருந்த எதையோ பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரின் மோவாயைப் பிடித்தாள்.

“கொஞ்சம் எறக்குங்க.”

“சாப்பாடு எறங்க வேண்டாமா?”

“பேசாதீங்க, மடிப்பு கலையுது.”

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். “அவன் கழுத்தைத் திருகறதுன்னா கல்யாணமான வருஷமே திருகியிருக்கலாம். இப்ப எதுக்கு?”

மாட்டிக்கொண்ட நிலையிலேயே கணவர் யோசித்தார். தொழில் பழக்கம். “கடைக்கு வர்றவங்களுக்குக் கண்ணாடி போட்டு, நேரா பாருங்கன்னு சொல்றேன்ல? எல்லாரும் மோவாயைத் தூக்கிடுவாங்க. அழகா தெரியணுமாம். அந்த அளவுல கண்ணாடி போட்டா எவனுக்கும் படிக்க முடியாது. கையில பேப்பரைக் குடுத்து, படிங்கன்னு சொல்லணும். அப்பதான் நெசக் கழுத்து வரும்.”

“அதேதான். இவன் கையிலயும் என்னமோ இருந்துச்சு. முன்கையில, ஏந்தினதுக்கு முட்டுக் குடுத்த கம்பி ஒடிஞ்ச அடையாளம் இருக்கு. தட்டோ கிண்ணமோ.”

“அப்போ ராஜா இல்லையா?”

“ராஜா எதுக்குக் கிண்ணம் ஏந்தறான்? யாருக்கோ ஊத்திக் குடுக்க நின்ன எடுபிடி.”

எடுபிடிகள் மேல் அவளுக்குக் கரிசனம் என்று யாரும் கண்கலங்க வேண்டாம். அலுவலகத்தில் அவளுக்குத் தேநீர் கொண்டுவந்து வைக்கிறவருக்கு இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் நன்றி சொன்னதில்லை. சர்க்கரை கூடுதல் என்று சொன்னதுண்டு. அவளுக்கு வேண்டியது நியாயம் அல்ல, முப்பத்தொன்று. இத்தனை வருடமாக மற்றவர்கள் சொன்ன கதைக்கு ஏற்ப ஒட்டிக்கொடுத்தவள் அவள். பெயர்ப்பலகையில் பேராசிரியர்கள் பெயர் வரும். கோப்பின் ஓரத்தில் அவளுடைய கையெழுத்தின் முதல் எழுத்து வரும். உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று அவள் வாழ்க்கையில் இருந்தது இது ஒன்றுதான். அந்தத் தலை அந்தக் கோணத்தில் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் அவள் மூன்று வருடம் சீராட்டியது ஒரு மணல் பையின் கற்பனையை.

கூட்டத்தில் எடுத்துச் சொன்னாள். இயக்குநர் மேசையின் தலைமாட்டில், பேராசிரியர் அவருக்கு வலப்பக்கம், நடுவில் பிஸ்கட்.

“சார், இது மேல பாக்கல. கீழ பாக்குது.”

“யாரும்மா சொன்னா?”

“நெஞ்சு சொல்லுது.” சொரசொரப்பான இடத்தின் படத்தைக் காட்டினாள். “இந்த இடத்துல வேலை செய்யாம விட்டுட்டான். யாருக்கும் தெரியாதுன்னு தைரியம். அப்படின்னா மோவாய் இதை மறைச்சிருக்கணும்.”

“ஒருத்தனோட சோம்பேறித்தனத்தையெல்லாம் ஆதாரம்னு எடுத்துக்க முடியுமா?” என்றார் பேராசிரியர்.

“சோம்பேறி பொய் சொல்ல மாட்டான் சார். அதுக்கும் மெனக்கெடணும்.”

“புகைப்படத்துல பாத்தீங்கன்னா அந்தப் பார்வை...”

“புகைப்படத்துல அது மணல் பை மேல உக்காந்திருக்கு. பையை வெச்சது நான்.”

பேராசிரியர் சிரித்தார். விவரமில்லாதவர்களை மன்னித்துப் பழகியவரின் சிரிப்பு. “மணல் பை ஒரு தற்செயல்னே வெச்சுக்குவோம். ஆனா அந்தத் தற்செயல் வழியா ஓர் உண்மை வெளிப்பட்டிருக்கே, அதை மறுக்க முடியுமா?”

இப்படிப்பட்ட வாக்கியத்துக்குப் பதில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் பாதிப் பல்கலைக்கழகங்களை மூட வேண்டி வந்திருக்கும்.

இயக்குநர் பிஸ்கட்டை நனைத்தார். “சரிம்மா. கீழ பாக்குதுன்னே வெச்சுக்குவோம். அப்ப அவன் யாரு?”

“ஏதோ ஏந்திட்டு நிக்கிறவன். எடுபிடி.”

“எடுபிடியைப் பாக்க எவன்மா வரிசையில நிப்பான்? நம்ம ஆபீஸ்லயே ஆறு பேரு இருக்காங்க. ஒருத்தனாவது வந்து பாத்தானா?” பிறகு குரலைத் தாழ்த்தினார். தாழ்ந்த குரலில்தான் அவர் நிர்வாகம் செய்வார். “போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டியாச்சு. தலை போஸ்டர்ல எப்படி இருக்கோ அப்படியே நிக்கணும். உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க. கீழ்த்தளத்துக் கிடங்குல உடைஞ்ச நாற்காலி எல்லாம் பட்டியல் எடுக்க ஆள் இல்லாம கெடக்கு.”

கூடம் போய்விடும் என்பது இதன் தமிழாக்கம். நுண்ணோக்கி போய்விடும், ஊசி போய்விடும். நாற்காலிக் கால்களை எண்ணிக்கொண்டு ஓய்வு பெறலாம்.

“சரி சார்,” என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்குமுன் கேட்டிராத இயக்குநர், அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்.

சிலைக்கு உள்கூடு செய்தவரை எல்லோரும் கம்பிக்காரர் என்பார்கள். பழைய வெண்கலத் துண்டு தன் பாரத்தையே தாங்காது. அடுத்த துண்டின் பாரத்தை எங்கே தாங்கும்? அதனால் உள்ளே துருப்பிடிக்காத எஃகில் ஒரு எலும்புக்கூடு நிற்கும். அதிலிருந்து விரல் மாதிரிக் கம்பிகள் நீண்டு, மெத்தை வைத்த நுனியில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக ஏந்திக்கொள்ளும். துண்டுகளை இணைக்கும் பசைகூட ஒரு சொட்டு அசிட்டோனில் கரைந்துவிடக் கூடியது. இன்று நாம் செய்வதை நாளை வருகிறவன் சேதமில்லாமல் பிரிக்க முடிய வேண்டும்: இந்தத் தொழிலுக்கு இருக்கிற ஒரே வேதவாக்கு இதுதான். புதிதாக வேலைக்கு வருகிற எல்லோருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஊசி இதை ஓதிவிடுவாள்.

“அண்ணே, தலையைத் தாங்குற கம்பியில ஒரு கீல் வையுங்க. ரெண்டு போல்ட்டு. தளர்த்துனா குனியணும், நிமிரணும்.”

“எதுக்கு மேடம்? ஒரே கம்பியா வளைச்சா உறுதியா இருக்குமே.”

“அதிர்ச்சி தாங்கறதுக்கு.”

“நிக்கிற சிலைக்கு என்ன அதிர்ச்சி?”

“யாருக்குன்னு சொன்னேனா?”

கம்பிக்காரர் அவளைப் பார்த்தார், கீல் வைத்தார். இரண்டு கேள்விக்கு மேல் கேட்காமல் வேலை செய்கிறவர் அந்தக் கட்டடத்திலேயே அவர் ஒருத்தர்தான். அவர் சம்பளப் பட்டியலில் இல்லாதது காரணமாக இருக்கலாம்.

விழாவுக்கு மூன்று நாள் முன்னால் தலையை ஏற்றினார்கள். இயக்குநர் சுவரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார். “இன்னும் தூக்குங்க. இன்னும். ஆங்! கம்பீரம்!” இருபத்திரண்டு பாகை மேல்நோக்கி. போல்ட்டை முடுக்கினார்கள். நெஞ்சின் நடுவே அந்தச் சொரசொரப்பு, புதுச் சட்டையில் சாம்பார்க் கறை மாதிரிப் பளிச்சென்று தெரிந்தது. இயக்குநர் கண்ணில் அது படவில்லை. பட்டிருந்தாலும் போர்க்காயம் என்றிருப்பார். பிறகு சிவப்புத் துணியால் மூடினார்கள்.

விழா அன்று காலை எட்டு மணிக்கு, நாற்காலி போடுகிறவர்கள் சத்தத்துக்கு நடுவே, ஊசியும் கம்பிக்காரரும் அந்தத் துணிக்குள் புகுந்தார்கள்.

“போஸ்டர்ல மேல பாக்கறாரே மேடம்.”

“போஸ்டர்ல பாக்கறது மணல் பை. நீங்க தலையைப் பிடிங்க.”

போல்ட் தளர்ந்தது. ஒன்பது கிலோ மெதுவாகக் குனிந்தது. அவள் பாகைமானியைப் பிடித்தாள், முப்பது, முப்பத்தொன்று. “நிறுத்துங்க.” சொரசொரப்பு மறைந்தது. நுண்ணோக்கிக்கு வெளியே மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவனுக்கு ஒரு முகபாவம் வந்தது: கொட்டிவிடுமோ என்ற கவலை. துணிக்குள் இரண்டு பேர் நிற்கவே இடம் போதாது. அதனால் அவள் அழுதாளா என்று கம்பிக்காரருக்குத் தெரியாது. தும்மினாள் என்றுதான் அவர் சொல்கிறார்.

அமைச்சர் வந்தார். நீண்ட நேரம் பேசினார்கள். அமைச்சர் கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது.

இயக்குநரின் முகம் துணியின் நிறத்துக்கு வந்தது. பேராசிரியர் தன் கையிலிருந்த நாற்பது பக்கத்தைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார், தவறு எதன் பக்கம் என்று தீர்மானிக்க முடியாமல் மறுபடி பக்கத்தைப் பார்த்தார். ஊசி கடைசி வரிசையில் நின்று, உடைந்த நாற்காலிகளின் பட்டியலுக்கு மனதுக்குள் கோடு போட ஆரம்பித்திருந்தாள்.

அமைச்சருக்குச் சிலையின் முகம் தெரியவில்லை. அதனால் அவரே கொஞ்சம் குனிந்தார். இன்னும் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“ஆகா! என்ன பணிவு! நாடாண்ட மன்னன், மக்களுக்கு முன்னாடி தலை குனிஞ்சு நிக்கிறான் பாருங்க. இந்தப் பணிவு இன்னிக்கு யார்கிட்ட இருக்கு?”

அவரிடம் இருப்பதாகக் கைதட்டல் சொன்னது. கைதட்டல் அடங்குவதற்குள் இயக்குநர் ஒலிவாங்கிக்கு வந்துவிட்டார். “இந்தப் பணிவை வெளிக்கொண்டு வரத்தான் எங்க குழு மூணு வருஷமா இரவு பகல் பாக்காம...” பேராசிரியர் பதினோரு நாளில் இன்னொரு கட்டுரை எழுதினார்: ‘தலைதாழ்ந்த வேந்தன்’. முந்தியது ஆரம்பகட்ட வரைவு என்று ஓர் அடிக்குறிப்பு மட்டும்.

விழா முடிந்து கீழே இறங்கி வந்த அமைச்சரை வழியில் மறித்து ஊசி சொல்லியும் பார்த்தாள்.

“சார், அது மன்னன் இல்ல. கிண்ணம் ஏந்துற எடுபிடி.”

அமைச்சர் அவள் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். “அதைத்தான்மா நானும் சொன்னேன். மக்களுக்கு எடுபிடியா இருந்தவன்தான் மன்னன்.” படம் எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டில் நாத்தனாரிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்து எட்டாவது கோப்பையின் கைப்பிடியையும் உடைத்தாள். “ஜெயிச்சுட்டியா தோத்துட்டியான்னு தெரியலையே!”

“கோணம் நிக்குது அண்ணி. பேரு என்ன வேணா வெச்சுக்கட்டும்.”

அந்தத் திருப்தி சனிக்கிழமை வரைக்கும் நீடித்தது. சனிக்கிழமை இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். கேட்காமல் மாற்றியதற்குத் தண்டனை வரும் என்று எண்ணிப் போனவளுக்கு நாற்காலியும் தேநீரும் கிடைத்தன.

“பிரமாதம்மா. எனக்கு அப்பவே தெரியும், கீழ பாத்தாத்தான் எடுபடும்னு. ஒண்ணே ஒண்ணு. தூரத்துல இருந்து பாக்கும்போது பணிவு பத்தல.”

“என்ன சார்?”

“இன்னும் கொஞ்சம் குனிய வைங்க. ஒரு பத்து டிகிரி. அமைச்சர் ஆபீஸ்ல இருந்து ஆளுங்க வர்றாங்க, செவ்வாய்க்கிழமை. கும்பிடற மாதிரி இருந்தா இன்னும் நல்லது.”

“முடியாது சார். நெஞ்சுல இடிக்கும்.”

“இடிக்காத அளவுக்குப் பண்ணுங்க. போல்ட்டுதானே? திருகுனா நகரும்னு கம்பிக்காரரே சொன்னாரு.” அவர் மேசை இழுப்பறையைத் திறந்து சுவரொட்டிக்கான புதிய மாதிரியை எடுத்தார். கணினியில் தலையை ஏற்கெனவே குனியவைத்திருந்தார்கள். “உங்களுக்கு நேரமில்லேன்னா பராமரிப்புப் பிரிவுல சொல்றேன். ஸ்பேனர் இருக்கு அவங்ககிட்ட.”

தலையைத் தூக்கச் சொன்னபோது தடுக்க ஒரு கீல் வைத்தாள். இப்போது அந்தக் கீலின் வழியாகவே ஸ்பேனரோடு எவனும் வரலாம். இன்றைக்குப் பத்து பாகை. அடுத்த அமைச்சருக்கு வீரம் பிடித்துப் போனால் மறுபடி வானம். அவள் இருக்கும் வரை ஒருவேளை சண்டை போடலாம். அவள் போனபிறகு அந்தத் தலை பதவிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருக்கும்.

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. காலையில் தலையைக் கழற்றி மெத்தையில் வைத்தார்கள். கழுத்துக் கம்பியை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு ஊசி கம்பிக்காரரின் பட்டறைக்குப் போனாள். சன்னல் கம்பிகளுக்கும் மாடிப்படிக் கைப்பிடிகளுக்கும் நடுவே அதைப் பலகையில் வைத்து, பாகைமானியைப் பொருத்தி, பென்சிலால் கோடு போட்டாள்.

“இந்தக் கோட்டுல நிறுத்தி, கீலை வெல்டு பண்ணிடுங்கண்ணே.”

கம்பிக்காரர் கையிலிருந்த முகமூடியைக் கீழே வைத்தார்.

“மேடம், கழட்ட முடியாத மாதிரி எதையும் செய்யக்கூடாதுன்னு என் உசுரை எடுத்தது நீங்கதானே? ஒரு பொட்டுப் பசைக்கு என்னை எத்தனை திட்டு திட்டுனீங்க!”

“திட்டுனேன்.”

“நாளைக்கு வர்றவன் வேற மாதிரி நெனச்சா?”

“அவன் அறுத்துக்கட்டும். அறுக்கறதுக்கு ரம்பம் வேணும், ரம்பத்துக்குக் கோப்பு வேணும், கோப்புக்கு மூணு கையெழுத்து வேணும். அதுக்குள்ள அவனுக்கு மாத்தல் வந்துடும்.”

“ஒருவேளை நீங்களே தப்புன்னு தெரிஞ்சா?”

அவள் பென்சில் கோட்டை இன்னொரு தடவை அழுத்திப் போட்டாள். இருபத்தாறு வருடமாக அவள் ஓதிவந்த வாக்கு இந்தக் கேள்விக்காகவே எழுதப்பட்டது. அது அவளுக்குத் தெரியாமலில்லை.

“தெரிஞ்சா உங்ககிட்டதான் வருவேன். இப்ப பண்ணுங்க.”

பொறி பறந்தது. ஆறியதும் கையால் அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. மதியத்துக்குள் கம்பி சிலைக்குள்ளும் தலை கம்பியின் மேலும் போய்ச் சேர்ந்தன. வேலைக் குறிப்பேட்டில் எழுதினாள்: ‘தலை, முப்பத்தொரு பாகை. கீல் நீக்கப்பட்டது.’ நீக்கப்பட்டது என்பது முழுப் பொய் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கூடத்துக்குப் போகாமல் நேரே சிலையிருந்த அறைக்குப் போய் நின்றாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்தாள்; நெஞ்சு, சொரசொரப்பு, பிடரி நரம்பு, ராஜினாமா, எல்லாம் வரிசையாக. இயக்குநர் அமைச்சர் அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார். பத்தடி தள்ளி நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“பாத்தீங்களா!” என்று வந்தவர்களிடம் திரும்பினார். “போன வாரத்துக்கும் இன்னிக்கும் எவ்வளவு வித்தியாசம்! பத்தே பத்து டிகிரிதான். ஆனா அந்தப் பணிவு வந்துடுச்சு பாருங்க.”

வந்தவர்கள் பார்த்தார்கள். வந்துவிட்டது என்றார்கள்.

“இதான்மா கரெக்ட்,” என்றார் இயக்குநர் அவளிடம். “இதுக்கு மேல தொடாதீங்க.”

தயார் செய்து வைத்த வாக்கியங்கள் அத்தனைக்கும் வேலையில்லாமல் போனது. மார்பையும் மோவாயையும் காட்ட நீட்டிய கையை ஊசி மடக்கிக்கொண்டாள்.

“தொடல சார்,” என்றாள்.